விளக்குக்காரிக்கு ஆறு கொட்டை

உடுமலைக்குங்களா, பழனிக்குங்களா? பழனிக்கா. அப்பச் சரி, பேச நேரம் இருக்குது. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துருங்க தம்பி, ஜன்னல் எனக்கு வேணும். உக்கடத்துல ஏறுனதுமே எனக்குக் காத்து வேணும், இல்லைன்னா தலை சுத்தும். ஆங், அப்படித்தான். இந்தப் பையை மடியில வச்சுக்குங்க. கீழ வைக்க முடியாதுங்க, எவனோ தண்ணியைக் கொட்டி வச்சிருக்கான். கனமாத்தான் இருக்கும். உள்ள என்னன்னு பொறவு சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. சோதனைக்காரன். கணபதியில கிரைண்டர் கம்பெனியில மோட்டார் சோதிக்கற வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். நான் ஓட்டிப் பாத்து சரின்னு முத்திரை குத்தாம ஒரு மோட்டாரும் கேட்டைத் தாண்டினது கிடையாது. மொதலாளியோட மச்சான் வீட்டுக்குப் போற கிரைண்டரையே திருப்பி அனுப்புனவன் நான். சோதனைக்குன்னு ஒரு தர்மம் இருக்குதுங்க. ஒரே ஆளு, ஒரே பொருளு, மூணு தடவை ஓட்டி மூணு தடவையும் ஒரே கோளாறு வந்துதுன்னா, கோளாறு பொருள்ல. சோதிக்கறவனைச் சோதிக்கக் கூடாது. இதை வச்சுத்தான் இத்தனை வருசம் பொழச்சேன்.

இப்ப உடுமலைக்குப் போறதும் ஒரு சோதனை விசயமாத்தான். என்ற சம்சாரம் துளசிமணி அங்க அவ தங்கச்சி வீட்டுல இருக்கறா. கூட்டிட்டு வரப் போறேன். சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சண்டை போடற சாதியே இல்லை அவ, வாயே தொறக்க மாட்டா. ஒரு சோதனை பாதியில நிக்குது, அதுக்கு அவ வேணும். அவ்வளவுதான்.

என்ன சோதனைன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? இருக்கட்டும், சொல்றேன். அந்தப் போனை உள்ள வைங்க, அதைப் பாத்துக்கிட்டே கேட்டா பாதிதான் மண்டையில ஏறும்.

எங்க வீட்டு மாடியில தர்ஷனான்னு ஒரு பொண்ணு வாடகைக்கு இருக்குது. நல்ல பொண்ணு. ஞாயித்துக்கெழமை மத்தியானமானா நாலு பேரு வந்து உக்காந்துக்குவாங்க. அப்பறம் என்ற தலைக்கு மேல ஒரே சத்தம். கலகலகலன்னு உருளும், ‘ஐயோ செத்தேன்’னு ஒருத்தன் கத்துவான், எல்லாரும் கைதட்டுவாங்க. சித்திரை மாச வெயில்ல மனுசன் தூங்க வேண்டாமா? ஏறிப் போயி கதவைத் தட்டுனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனா வாயில வந்தது என்ன தெரியுங்களா? “உருட்டறதுல ஒண்ணு சரியில்லை. எடை ஒரு பக்கமா இருக்குது. சத்தத்துலயே தெரியுது”ன்னேன்.

அந்தப் பொண்ணு பயப்படலைங்க. ஒரு பை நெறையப் பகடையை என்ற கையில கொட்டி, “எது அங்கிள்?”னு கேட்டுது. சாதாரணப் பகடை இல்லை. நாலு பக்கம், எட்டு பக்கம், இருபது பக்கம் வரைக்கும் இருக்குது. இருங்க, ஒண்ணு சட்டைச் சோப்புல வச்சிருக்கேன். கையை நீட்டுங்க. இதான் இருபது பக்கம். கூசுதா? அதெல்லாம் கூசாது.

கீழ கொண்டாந்து சோதிச்சேன். டம்ளர் தண்ணியில உப்பைக் கரைச்சுக்கிட்டே போனா பகடை மெதக்கும். மெதக்கறதை விரல்ல தட்டித் தட்டி விட்டா, எடை சரியில்லாதது எப்பவும் ஒரே பக்கத்தைத்தான் மேல காட்டும். “துளசி, உப்பைக் கொண்டா”ன்னேன். கொண்டாந்தா. “இன்னும் கொண்டா”ன்னேன். மாவடுவுக்குன்னு ஒரு படி கல்லுப்பு வாங்கி வச்சிருந்தா போல. பூராவும் தீந்து போச்சு. ஆனா கெட்ட பகடையைக் கண்டுபிடிச்சுட்டேன், பச்சைக் கலர்ல ஒண்ணு. அந்த வருசம் மாவடு போடலை. ஏன் போடலைன்னு நானும் கேக்கலை. எனக்கு ஊறுகாய் அவ்வளவா ஆகாது.

அதுல இருந்து அந்தப் பொண்ணு என்னை விடலை. அது என்ன பண்ணுதுன்னா, இந்த ஆட்டத்துக்கு விதி எழுதிப் புத்தகமாப் போடுது. ஆட்டம்னா பலகையும் இல்லை, காயும் இல்லை. மேசையைச் சுத்தி உக்காந்துக்கணும். ஒருத்தர் கதை சொல்லுவாங்க. ‘நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கறீங்க, என்ன பண்றீங்க’ன்னு கேப்பாங்க. நீங்க உங்க வேசத்துல இருந்து, இன்னது பண்றேன்னு சொல்லணும். முடியுமா முடியாதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டணும். அவ்வளவுதான். பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து வெளையாடறாங்க தம்பி. எனக்கும் மொதல்ல சிரிப்பாத்தான் வந்துது.

அந்தப் புத்தகத்துக்குப் பேரு ‘கருங்குகை’. அச்சுக்குப் போறதுக்கு முந்தி நாலு பேருகிட்டக் குடுத்து, விதியெல்லாம் ஓடுதா ஓடலையான்னு மதிப்பீடு வாங்குவாங்களாம். “நீங்க பாத்துச் சொல்றீங்களா அங்கிள்?”னு கேட்டுது. என்னை ஒரு ஆளு சோதிக்கச் சொல்லி எத்தனை காலமாச்சு! அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலைங்க, அத்தனை சந்தோசம்.

மத்தவனெல்லாம் புத்தகத்தைப் படிச்சு மதிப்பெண் போடுவான். நான் அப்படி இல்லை. விதியில ‘தீவட்டி ஒரு மணி நேரம் எரியும்’னு போட்டிருந்துது. சரி, எரியுதான்னு பாத்துரலாம்னு கட்டையில துணியைச் சுத்தி எண்ணெயில முக்கி, குளிக்கற ரூம்பே குகைன்னு வச்சுக்கிட்டு, “துளசி, புடி”ன்னேன். புடிச்சா. நான் கதவைச் சாத்திட்டு வெளிய கடிகாரத்தோட நின்னேன். கால் மணி நேரங்கூட எரியலைங்க. மேல சுவரெல்லாம் கரி. அவ வெளிய வர்றப்ப மூக்கு நுனி வரைக்கும் கருப்பு. “ஏனுங்க, போதுங்களா?”ன்னா. “விதி தப்பு”ன்னேன். தர்ஷனா அப்படியே திருத்திருச்சு. ஒரு தீவட்டிக்கு கால் மணி நேரம்னு இன்னிக்குப் புத்தகத்துல இருக்குதுன்னா அது என்னாலதான்.

‘ஒரு வீரன் கவசம், வாள், ஐம்பது அடிக் கயிறு, ஏழு நாள் சாப்பாடு எல்லாம் தூக்கிக்கிட்டு மதில் ஏறலாம்’னு இன்னொரு விதி. கிரைண்டர் கல்லைச் சாக்குல கட்டி முதுகுல போட்டுக்கிட்டு எங்க காம்பவுண்டு சுவத்துல ஏறினேன். அவளை ஏணியைப் புடிக்கச் சொன்னேன். புடிச்சா. அக்கம்பக்கத்துல எல்லாம் கூடிட்டாங்க. எறங்க முடியலை, அது வேற கதை. அந்த விதியையும் திருத்தியாச்சு.

ஆக மூலப் புத்தகம் முடிஞ்சுது. அப்பறம் வந்துது பாருங்க ஒரு துணைப் புத்தகம். ‘கூட வருவோர்’னு பேரு. அதுலதான் வெனையே ஆரம்பிச்சுது.

குகைக்குள்ள போற வீரனுக்கு மூட்டை தூக்க, விளக்குப் புடிக்க ஆளு வேணுமில்லீங்களா, அவங்களுக்கான விதி அது. ரொம்பச் சின்ன விதிதான். விளக்குக்காரியா வர்றவங்க கையில ஆறு புளியங்கொட்டை இருக்கும். அவங்களைக் கேக்காம ஒண்ணை ஏவுனா, ஒரு கொட்டையை டம்ளர்ல போட்டுருவாங்க. ‘செய்யறீங்களா’ன்னு கேட்டு, அவங்க சம்மதிச்சுச் செஞ்சா போட வேண்டாம். அவங்ககிட்ட ரோசனை கேட்டு அதும்படி நடந்தா, ஒரு கொட்டையைத் திரும்ப எடுத்துக்கலாம். ஆறும் தீந்துதுன்னா கையில இருக்கறதோட கெளம்பிப் போயிருவாங்க. எங்க போறாங்கன்னு சொல்ல வேண்டியதில்லை. அம்புட்டுதான் விதி.

இதுல சோதிக்க என்ன இருக்குதுன்னு நெனைச்சேன். விளக்குக்காரிக்கு ஒரு ஆளு வேணும்னு தர்ஷனா சொல்லுச்சு. “இவ இருக்கறாளே, சும்மாதான உக்காந்திருக்கறா”ன்னு துளசியை மேல கூட்டிட்டுப் போனேன். “உனக்கு ஒரு வேலையும் இல்லை, விளக்கைப் புடிச்சுக்கிட்டு வா, பேச வேண்டியதுகூட இல்லை”ன்னேன். வேசத்துக்கு என்ன பேருன்னு அந்தப் பொண்ணு அவகிட்டக் கேட்டுது. “விளக்குக்காரின்னே போடு, அவளுக்கெதுக்குப் பேரு”ன்னு நானே சொல்லிட்டேன். எனக்கு சென்னிவர்மன்.

தர்ஷனா ஆரம்பிச்சுது. “குகை வாசல்ல நிக்கறீங்க. உள்ள கும்மிருட்டு. என்ன பண்றீங்க அங்கிள்?”

“துளசி, விளக்கை ஏத்து.” டொக்.

“முன்னாடி போ.” டொக்.

“என்ன சத்தம் அது?”ன்னு கேட்டேன். “கொட்டைங்க”ன்னா. “சத்தம் வராம போடு”ன்னேன். டொக்.

“அந்த மூலையில என்னன்னு பாரு.” டொக். “அந்தப் பொட்டியைத் தூக்கு.” டொக். “சுருக்கா வா.” டொக்.

அவ்வளவுதான். தர்ஷனா புத்தகத்தை ஒருக்கா பாத்துது, என்னை ஒருக்கா பாத்துது. “விளக்குக்காரி விளக்கோட திரும்பிப் போறாங்க அங்கிள்.”

“எங்க போறா?”

“சொல்ல வேண்டியதில்லைன்னு இருக்குது.”

துளசியைத் திரும்பிப் பாத்தேன். அவ மொகத்துல ஒரு மாதிரி சிரிப்பு. வாயுத் தொல்லையா இருக்கும்னு விட்டுட்டேன்.

பொறவு இருட்டுல நான் ஒத்தையில நின்னேனா, அங்க ஒரு நத்தை. மாட்டு வண்டி அளவுக்கு. நத்தைங்க, நத்தை! வெளிச்சம் இருந்தா நடந்தே தப்பிச்சிருக்கலாம். எனக்குத்தான் அது எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியலையே. ஓடறேன் ஓடறேன்னு நான் அது வாய்க்குள்ளயே ஓடிட்டேன். அது மெல்ல மெல்ல மென்னு முடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு. பாதியில தர்ஷனா டீ குடிச்சுட்டு வந்து மிச்சத்தை மென்னுச்சு. மாடியில இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு எனக்கு மௌன அஞ்சலி செலுத்துனாங்க. நக்கலுக்குத்தான்.

சரி, ஒரு தடவை தவறலாம். அடுத்த வாரம் திரும்ப ஓட்டுனேன். மூணாவது அறைக்கு முந்தியே கொட்டை காலி, விளக்கு போச்சு, நத்தை மென்னுருச்சு. அதுக்கு அடுத்த வாரமும் அதே. மூணு தடவை ஒரே கோளாறு! அப்ப கோளாறு எதுல? பொருள்ல. நான் அவசரப்படற ஆளு இல்லீங்க. மாத்த முடிஞ்சதையெல்லாம் மாத்திப் பாத்தேன். கொட்டையில ஈரம் இருக்குமோன்னு வெயில்ல காய வச்சேன். பழைய புளி, புதுப் புளி ரெண்டுலயும் பாத்தேன். டம்ளருக்குப் பதிலா சொம்பு வச்சேன். அவ உக்கார்ற எடத்தை வடக்கேயிருந்து கெழக்கே மாத்துனேன். அவ சேலைக் கலரைக்கூட மாத்தச் சொல்லிப் பாத்தேன். அவ மாத்திக்கிட்டு வந்தா, வந்து உக்காந்ததும் ஒரு கொட்டையைப் போட்டுட்டா. ஆட்டமே ஆரம்பிக்கலை! அதுவும் விதிப்படி சரிதான்னு தர்ஷனா சொல்லுது. அங்கதான் எனக்கு விதி மேல நம்பிக்கையே போச்சு.

பொள்ளாச்சி வந்துருச்சா? செத்த நேரம் நிப்பான். வேண்டாங்க, கடலை வாங்காதீங்க. ஏ, போப்பா, இங்க யாருக்கும் வேண்டாம். உங்களுக்குத்தான் சொல்றேன், வறுத்து எத்தனை நாளாச்சோ. நான் காப்பாத்தி விட்டேன்னு வச்சுக்குங்க.

எங்க விட்டேன்? ஆங். தர்ஷனா சொல்லுச்சு, “அங்கிள், வேற ஒருத்தர் வீரனா ஆடிப் பாக்கட்டும், அப்பத் தெரியும் விதியில கோளாறா இல்லையான்னு”. நல்ல ரோசனைதான். பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமியைக் கூப்புட்டோம். ரிட்டயர்டு கண்டக்டருங்க. சனத்தை ‘உள்ள போ, மேல ஏறு, சில்லறை எடு’ன்னு ஏவியே பொழச்ச மனுசன். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. என்னைவிடச் சீக்கிரம் இவனுக்குக் கொட்டை தீரும்னு நெனைச்சு நான் கடிகாரத்தைக் கையில எடுத்து வச்சுக்கிட்டேன்.

அந்தாளு உக்காந்ததும் பண்ணுன மொத வேலை என்னங்கறீங்க? “அம்மிணி, உங்க வேசத்துக்குப் பேரு என்னங்க?”ன்னு கேட்டான். விதியில அப்படிக் கேக்கணும்னு எங்கயும் கிடையாது! அவ உடனே, நெனைச்சு வச்சிருந்த மாதிரி, “வேங்கைமணி”ன்னா. எங்கிட்டச் சொல்லவே இல்லை பாருங்க.

“வேங்கைமணி, விளக்கை ஏத்தலாங்களா?” “ஏத்தலாங்க.” கொட்டை விழுகலை. “ரெண்டு வழி இருக்குது, எந்தப் பக்கம் போலாங்க?” “எடது பக்கம் காத்து வருதுங்க.” அந்தப் பக்கமே போனான். அவ டம்ளர்ல இருந்து கொட்டையை எடுக்கப் பாத்தா, எடுக்க ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே விழுகலையே! கையில ஆறும் அப்படியே இருக்குது. நான் எந்திரிச்சுப் போயி எண்ணிப் பாத்தேன்.

நத்தை வந்துது. ஆரோக்கியசாமி பயந்துட்டான். “என்னங்க பண்ணலாம்?”னு கேட்டான். ஒரு வீரன் விளக்குக்காரிகிட்டப் போயி என்ன பண்ணலாம்னு கேக்கறான்! எனக்கு அவமானமாப் போச்சு. துளசி கொஞ்சங்கூட ரோசிக்கலை. “உப்பைத் தூவுனா நத்தை சுருங்கிருங்க. நம்ம மூட்டையில சமைக்கற உப்பு இருக்குமில்லீங்களா?”ன்னா. தர்ஷனா பகடையை உருட்டச் சொல்லுச்சு. துளசியே உருட்டுனா. இருபது விழுந்துது. நத்தை சுருங்கி வடை அளவுக்கு ஆயிருச்சு. மாடியே எந்திரிச்சு ஆடுது! ஒருத்தன் அவளை ‘ஆன்ட்டி ஆன்ட்டி’ன்னு கூப்புட்டுக் கையைக் குலுக்கறான். அவ சிரிச்சாளுங்க. வாயுத் தொல்லை மாதிரி இல்லை. பல்லு தெரிய, கண்ணுல தண்ணி வர சிரிச்சா. நான் அந்தப் பல்லைப் பாத்து எத்தனை வருசமோ. கீழ வரிசையில ஒண்ணு விழுந்திருக்குது, எனக்கு அதுகூடத் தெரியலை.

குகையைத் தாண்டிட்டாங்க. அந்தப் பக்கம் வெளிச்சம். தர்ஷனா அவளைப் பாத்து, “வேங்கைமணி, அங்க என்ன இருக்குது? நீங்களே சொல்லுங்க”ன்னுது. அவ கையில இருந்த கொட்டை ஆறையும் மேசையில வச்சா. பொறவு சொன்னா, “ஒரு டீக்கடை. நான் பெஞ்சுல உக்காந்திருக்கறேன். யாரோ எனக்கு டீ போட்டுக் கொண்டாந்து கையில குடுக்கறாங்க.”

டீக்கடைங்க! குகையோட முடிவுல டீக்கடை! புதையல் வேண்டாமா, சிம்மாசனம் வேண்டாமா? நான் அந்த எடத்துல மதிப்பெண்ணைக் குறைச்சேன். ஆனா அங்க யாரும் சிரிக்கலை. தர்ஷனா கண்ணைத் தொடைச்சுட்டு எந்திரிச்சுப் போயி நெசமாவே டீ போட்டுக் கொண்டாந்து அவ கையில குடுத்துது. துளசி ரெண்டு கையாலயும் வாங்கி ஊதி ஊதிக் குடிச்சா. நான், “எனக்கும் ஒண்ணு ஊத்து”ன்னேன். அவகிட்டத்தான். பழக்கந்தான? எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. டீ கேக்கறது ஒரு குத்தமா?

தூங்காதீங்க தம்பி, இங்க பாருங்க. முக்கியமான எடம் இது.

காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டான்னு மத்தியானந்தான் தெரிஞ்சுது. ஒண்ணும் எடுத்துட்டுப் போகலை, நாலு சேலை, அப்பறம் வீட்டுல இருந்த எமர்ஜென்சி லைட்டு. அது எதுக்குங்க அவளுக்கு? உடுமலையில கரண்ட் இல்லையா? எங்க வீட்டுலதான் இப்பக் கரண்ட் போனா இருட்டு. முந்தாநாளு போச்சு. மெழுகுவத்தி எந்த டப்பாவுல இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கால்கிட்ட என்னமோ ஊர்ற மாதிரி இருந்துது. நத்தை நெனப்பு வந்துருச்சுங்க. சிரிக்காதீங்க. நெசமாப் பயமா இருந்துது. ‘துளசி’ன்னு கூப்புட்டுட்டேன், அவ இல்லைங்கறது மறந்து போச்சு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். சமையக்கட்டு மேடையில அந்த டம்ளரை வச்சுட்டுப் போயிருக்கறா. தளும்பத் தளும்பப் புளியங்கொட்டை. ஆறு இருக்க வேண்டிய எடத்துல டம்ளர் நெறைய! கீழ ரெண்டு உருண்டு வேற கெடக்குது. எந்தக் கணக்குல போட்டான்னு தெரியலை. சோதனைச் சாமானை இப்படியா வைப்பாங்க?

தர்ஷனா வந்து கேட்டுது, “அங்கிள், புத்தகம் அச்சுக்குப் போகணும், அந்த விதி தேறுச்சா தேறலையா?” தேறலைன்னு முத்திரையைக் கையில எடுத்துட்டேன். அது ஒரு வார்த்தை கேட்டுது. “ஒரே ஒரு தடவை, நீங்க ஆன்ட்டிகிட்டக் கேட்டுக் கேட்டு ஆடிப் பாத்தீங்களா?”

இல்லைதான். சோதிக்கறவனை மாத்தக் கூடாதில்லீங்களா, அதனால அதை மட்டும் மாத்திப் பாக்கலை. ஆனா ஒண்ணு பாக்கி இருக்கறப்ப முத்திரை குத்தற பழக்கம் எனக்குக் கிடையாது. சரி, அதையும் பாத்துரலாம்னு உடுமலைக்குப் போன் போட்டேன். “நாளைக்குக் காலையில பொறப்பட்டு வந்துரு, சோதனை பாக்கி இருக்குது”ன்னேன். அந்தப் பக்கம் ‘டொக்’னு வச்சுட்டா. திரும்பப் போட்டா அவ தங்கச்சி எடுக்கறா. “அக்கா ஆட்டத்துல இருக்கறாங்க மாமா, இப்பப் பேச முடியாது.” என்ன ஆட்டம்னு கேட்டா, வீதியில இருக்கற பொம்பளைங்க எல்லாரும் வந்து உக்காந்திருக்கறாங்களாம், இவ கதை சொல்றாளாம்! எங்கிட்ட வாயே தொறக்காதவ, ஒரு வீட்டுக் கூடம் நெறைய ஆளுங்களை வச்சுக்கிட்டுக் குகைக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போறா. “எடம் இருக்குதா அந்த ஆட்டத்துல?”ன்னு கேட்டேன். சும்மாத்தான் கேட்டேன். “நெறைஞ்சு போச்சுங்க மாமா”ன்னுட்டா.

அதுக்கப்பறம் என்னால உக்கார முடியலை. மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தப் பையில என்னன்னு சொல்றேன்னு சொன்னேனில்லீங்களா? ஒரு படி கல்லுப்பு. நத்தைக்குத்தான். திரும்பச் சோதிக்கறப்ப உப்பு இல்லைன்னு ஆயிரக் கூடாது. மாவடுவுக்கும் ஆகும். சீசன் முடிஞ்சு போச்சுங்கறீங்களா? முடிஞ்சா என்னங்க, அடுத்த வருசம் வராதா? அடுத்த வருசத்துக்கு அவ அங்கயேவா இருக்கப் போறா?

அவளைப் பாத்ததும் என்ன சொல்றதுன்னு நேத்துல இருந்து ரோசிச்சுக்கிட்டே வர்றேன். ‘பொறப்படு’ம்பேன். வேற என்ன சொல்றது? ‘எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்க, பொறப்படு, பஸ்ஸுக்கு நேரமாச்சு’ம்பேன். வந்துருவா. எப்பவும் வந்துருவா…

ஏங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? கோமங்கலம்தான் வந்திருக்குது, பழனி இன்னும் எவ்வளவோ தூரம் கெடக்குது. பின்னாடி சீட்டுக்கா? இங்கதான் எடம் இருக்குதே. ஏங்க… என்ற பை! அந்தப் பை என்னுது தம்பி, மடியில வைக்கச் சொன்ன பையோட நடக்கறீங்களே!

கையில இருக்கறதோட…

இருங்க. ஒரு நிமிசம். ஜன்னலை விடுன்னேன், ஒண்ணு. பையை வச்சுக்கோன்னேன், ரெண்டு. போனை உள்ள வைன்னேன். கையை நீட்டுன்னேன். கடலை வேண்டாம்னேன், அது அஞ்சு. தூங்காதேன்னேன்.

ஆறு. நடுவுல இங்க பாரு, சிரிக்காதேன்னது எல்லாம் பேச்சு வாக்குல வந்தது, அது கணக்குல வராது. வருமா? வருமோ என்னமோ, டம்ளர் தளும்பிக் கெடந்துதே.

உங்களை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். புத்தகமும் இங்க இல்லை, தர்ஷனாவும் இல்லை, உங்க கையில கொட்டையும் இல்லை. அப்படியிருந்தும் ஆறுக்குச் சரியா எந்திரிச்சுட்டீங்க. விதி ஓடுதுங்க தம்பி. எங்க வச்சாலும் ஓடுது. எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குது, மத்தபடி அதுல ஒரு கோளாறும் இல்லை.

அப்பக் கோளாறு…

சரி. போகட்டும். பையை நீங்களே… இல்லை. பொறுங்க, இப்படி வரக்கூடாது.

தம்பி, வந்து உக்கார்றீங்களா? ஜன்னல் உங்களுக்கு வேணுங்களா? அந்தப் பையை நான் வாங்கிக்கட்டுங்களா?

சரியாத்தான் வந்துதா? அவகிட்டச் சொல்றப்ப இந்தக் கடைசி எடத்துல ஏவற மாதிரி வந்துரக் கூடாது. உடுமலை வர்றதுக்குள்ள, உங்களுக்குச் சிரமமில்லைன்னா, இன்னொருக்கா கேட்டுப் பாக்கட்டுங்களா?